என் கேணிக்குக் கணக்கு வேண்டும்

2025 ஜூன் கடைசியில், விவசாயிகள் இறைக்கும் நிலத்தடி நீருக்கு மத்திய அரசு வரி போடப்போகிறது என்றொரு செய்தி வந்தது. உடனே தமிழ்நாட்டில் கட்சி பேதமில்லாமல் கண்டன அறிக்கைகள் குவிந்தன. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய அரசு மறுத்தது. மறுப்பு யார் காதிலும் ஏறவில்லை. திருச்சிக்குப் பக்கத்து ஜீயபுரம் கடைத்தெருவிலும் அந்தநல்லூர் வாழைக்கொல்லைகளிலும் பேச்சு ஒன்றுதான்: "நம்ம நிலம், நம்ம போர், நம்ம மோட்டார். இதுல கவர்மெண்டுக்கு என்ன வேலை? இன்னிக்குக் கணக்குக் கேப்பான், நாளைக்குக் காசு கேப்பான்."

இதை மறுத்துப் பேச ஊரில் ஆள் கிடையாது. சங்கத்துக்காரர்கள் சொல்கிறார்கள், கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள், கிணறே இல்லாத வாத்தியாரும் சொல்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. கட்டணம் வேறு, கணக்கு வேறு. ஐந்து எச்பி மோட்டார் வைத்து வாழைக்கு இறைக்கிறவனிடம் லிட்டருக்கு இவ்வளவு என்று காசு கேட்டால் நானும் கொடி பிடிப்பேன். ஆனால் ஊரில் எத்தனை கிணறு, எத்தனை அடி ஆழம், சித்திரையில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்ற கணக்கையே தர மாட்டோம் என்பது காவிரிக் கரைச் சிறு விவசாயி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

பயப்படுகிறவர்கள் நடப்பில் உள்ள விதியை ஒருமுறையாவது படித்திருக்கலாம். மத்திய ஜல் சக்தி அமைச்சகம் 2020 செப்டம்பர் 24 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் விவசாயத்துக்கு அனுமதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். வீட்டுக் கிணற்றுக்கும் அப்படியே. நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்குக் குறைவாக எடுக்கும் குறு, சிறு தொழில்களுக்கும் விலக்கு. 2022இல் பத்தாயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம் என்று ஒரு அறிவிப்பு வந்து பலரை மிரட்டியதே, அது அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஆலைகள், மொத்தத் தண்ணீர் வியாபாரிகள் போன்றோருக்கானது. அதுவும் மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள மாநிலங்களுக்கு. தமிழ்நாட்டுக்கென்று தனி விதி உண்டு: பொதுப்பணித் துறையின் 2014 ஜூலை 23 தேதியிட்ட 142ஆம் எண் அரசாணை. ஆலைக்காரரும் தண்ணீர் விற்பவரும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதைச் செல்லும் என்றது.

அந்த அரசாணை வந்த கதையைச் சொல்ல வேண்டும். 2003இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிலத்தடி நீர் மேம்பாட்டுக்கும் மேலாண்மைக்குமாக ஒரு முழுச் சட்டமே இயற்றியது. கிணறுகளைப் பதிவு செய்வது, தனி ஆணையம் அமைப்பது எல்லாம் அதில் இருந்தன. விதிகள் எழுதப்படவில்லை, சட்டம் நடைமுறைக்கு வரவில்லை, பத்தாண்டு அலமாரியில் கிடந்து 2013இல் ரத்தானது. சட்டம் தொலைந்தது என்று நிம்மதியடைந்தவர்கள் அதற்குப் பதிலாக எது வந்தது என்று பார்க்கவில்லை. சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டு, திருத்தம் கொண்டுவர வழியுள்ள ஒன்று போனது. துறை அதிகாரிகள் எழுதி, துறை அதிகாரிகளே திருத்திக்கொள்ளும் அரசாணை வந்தது. விவசாயிக்கு இன்று இருக்கும் விலக்குக்குப் பின்னால் மாநிலச் சட்டம் ஒன்றுமில்லை. நாளைக்கு இன்னொரு அரசாணை அதை எடுத்துவிடலாம். கட்டணத்துக்கு உண்மையிலேயே பயப்படுகிறவர்கள், "எங்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதைச் சட்டத்திலேயே எழுது" என்றல்லவா கேட்க வேண்டும்?

சரி, "நம்ம நிலம், நம்ம தண்ணீர்" என்ற வாதத்துக்கு வருவோம். இது நம் பாட்டன் வகுத்த நியதி என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தில் இதற்கு உள்ள ஆதாரம் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். ஆங்கிலேய நீதிமன்றங்கள் தங்கள் ஊர் நிலச்சுவான்தார்களுக்காகச் செதுக்கிய கொள்கை அது. அந்தச் சட்டம் முதலில் அமலான பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. தன் எல்லைக்குள், நிலத்துக்கு அடியில், வரையறுத்த கால்வழியாக ஓடாத தண்ணீரை நில உடைமையாளர் சேகரித்து எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் நாற்பதடிக் கிணற்றுக்குப் பக்கத்து நிலத்தில் ஒருவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டுவந்து முந்நூறடி இறக்கி, பதினைந்து எச்பி சப்மெர்சிபிள் மாட்டுகிறார் என்று வையுங்கள். தையில் உங்கள் கிணறு வற்றுகிறது. வழக்குப் போட முடியுமா? அவர் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை அவர் எடுத்தார். நீங்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்லும் அதே உரிமை அவருக்கும் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் வசதியும் இருக்கிறது. ஆழமாகத் தோண்டக் காசு உள்ளவனுக்கு இந்த உரிமை ஆயுதம். ஆழம் குறைந்த கிணற்றுக்காரனுக்கு இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று 2020ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. அவ்வளவு இடங்களில் நீர்மட்டம் இறங்கியபோது முதலில் காய்ந்தது யாருடைய கிணறாக இருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கரூர் சாலைக்கு வடக்கே ஆற்றோரம் வண்டல் மண். அங்கே ஃபில்டர் பாயிண்ட் இறக்கினாலே தண்ணீர். தெற்கே மேட்டைத் தாண்டிப் போகப் போகப் பாறை. ஆற்றோரக் கிணற்றில் ஊறுவது தனியாக ஒரு நிலத்தடி நீர் அல்ல, காவிரிதான். மேட்டூர் திறந்து முக்கொம்புக்குத் தண்ணீர் வந்தால் கிணறு ஏறும். ஆறு காய்ந்தால், ஆற்றில் மணல் போனால், கிணறு இறங்கும். உய்யக்கொண்டானில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வாய்க்கால் கரைக் கிணறுகள் மேலேறுவதை ஊரில் பார்க்காதவர் கிடையாது. ஆக, "என் நிலத்துத் தண்ணீர்" என்று நாம் சொல்வது குடகில் பெய்த மழை. அதை எனக்கு மட்டும் என்று பட்டா போட்டுக்கொள்ள எந்த நியாயமும் பொருந்தவில்லை.

இதைச் சொன்னதும், "அப்படியானால் கணக்கு இன்னும் எதற்கு? காவிரி ஓடுகிற வரைக்கும் நமக்கென்ன குறை?" என்பார்கள். இந்த அசட்டு நம்பிக்கைக்கு நாம் ஏற்கனவே விலை கொடுத்தாகிவிட்டது. எவ்வளவு என்பதும் துல்லியமாகத் தெரியும்.

2007 பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. விட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் சுமார் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதாக அந்த மன்றமே குறிப்பிட்டது. ஆனால் பங்கீட்டில் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சேர்த்தது. இருபது வேண்டாம், குறைந்தபட்சம் பத்து டி.எம்.சி.யை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அந்தப் பத்தையும் பெங்களூரு குடிநீருக்கென 4.75ஐயும் கூட்டி, 14.75 டி.எம்.சி.யைக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. நமக்கு வரவேண்டிய 192, 177.25 ஆனது.

டெல்டாவின் நிலத்தடி நீர் ஆற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் ஊறுவதுதான், அதைத் தனி வருமானமாகக் காட்டினால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணியதாகும் என்று தமிழ்நாட்டுத் தரப்பு வாதாடியது. ஜீயபுரத்தில் எந்தக் குடியானவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். வாதம் சரி. எடுபடவில்லை. நீதிமன்றத்தின் மேசையில் இருந்தவை நிபுணர்களின் மதிப்பீடுகளும் பழைய ஆய்வுகளும். மாயனூரிலிருந்து கல்லணை வரை கரையோரக் கிணறு ஒவ்வொன்றிலும், ஆறு ஓடும் மாதம் இத்தனை அடி, ஓடாத மாதம் இத்தனை அடி என்று முப்பது வருடத்துக்கு ஊர்வாரியான பதிவேடு இருந்திருந்தால்? தீர்ப்பு கட்டாயம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நீதிபதிகள் எதை ஏற்பார்கள் என்று யார் கண்டது. ஆனால் இரண்டும் ஒரே தண்ணீர் என்பதை நிரூபிக்க அதைவிட நேரடியான சாட்சி வேறில்லை. அந்தச் சாட்சி நம் கொல்லைக் கிணறுகளில் இருந்தது. நாம் எழுதி வைக்கவில்லை. கணக்குக் கொடுக்காவிட்டால் நம் தண்ணீரை யாரும் எண்ண மாட்டார்கள் என்று நினைத்தோம். நம்மைக் கேட்காமலே எண்ணி, நம் பங்கில் கழித்துக்கொண்டார்கள்.

உள்ளூர் மட்டத்திலும் கதை இதுதான். ஜீயபுரத்துக்குக் கிழக்கே முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை என்று ஆற்றோரமாகக் குடிநீர்த் திட்டங்களின் கிணறுகள். திருச்சிக்கு மட்டுமல்ல, இராமநாதபுரம் வரைக்கும் இங்கிருந்து காவிரி போகிறது. போகட்டும், குடிக்கிற தண்ணீர். ஆனால் கோடையில் பக்கத்துப் பாசனக் கிணறுகள் இறங்குகின்றன என்று விவசாயி முறையிடும்போது எதிரே இருப்பவர் கையில் மணிவாரியாகப் பம்பு ஓடிய பதிவு இருக்கும். விவசாயி கையில் மனுவைத் தவிர ஒன்றும் இருக்காது. எந்தக் கிணறு, எத்தனை அடி இறங்கியது, எந்த வருடத்திலிருந்து என்று கேட்டால் "முன்னாடி மேலேயே இருக்கும் சார்" என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

இனி பயம். "இன்று கணக்கு, நாளை காசு" என்பதைக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை. அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1970 ஜூனில் பெருமாநல்லூரில் விவசாயிகள் சுடப்பட்டுச் செத்தார்கள். அவர்கள் எதிர்த்தது மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்கள் அதன் தொடர்ச்சி. 1989இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கொடுத்தது. 2003இல் அதில் கை வைத்த ஜெயலலிதா அரசு, 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அடி வாங்கியதும் பின்வாங்கியது. மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயிக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஆனால் இந்த வரலாறு சொல்வதென்ன? கட்டணம் வந்ததும் போனதும் எண்ணிக்கையாலல்ல, அரசியல் பலத்தால். மோட்டார் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு; மின்வாரியத்துக்கு எத்தனை பம்புசெட் என்பது அன்றும் தெரியும், இன்றும் தெரியும். தெரிந்தும் கட்டணத்தை நிலைக்க வைக்க முடியவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்தப் புலத்துக்கு எந்தப் பாசனம் என்று பசலிதோறும் எழுதப்படுகிறது. மத்திய அரசு 1986–87 முதல் சிறுபாசனக் கணக்கெடுப்பு நடத்தி நாடு முழுக்கக் கிணறுகளை எண்ணி வருகிறது. அரசுக்குத் தெரியக்கூடாது என்று நாம் மறைப்பதெல்லாம் அரசுக்கு ஏற்கனவே அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறைதான் ஆபத்து. விவசாய மின்சாரத்துக்கு மீட்டர் இல்லாததால் அதில் எவ்வளவு செலவாகிறது என்பது வெறும் மதிப்பீடு. நாம் எவ்வளவு இறைக்கிறோம் என்பதும் அப்படியே.

இங்கே நம் பக்கத்துக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரன்தான் உறிஞ்சுகிறான், விவசாயி எடுப்பது சொற்பம் என்பது மேடையில் கைதட்டல் வாங்கும். இந்தியாவில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பாசனத்துக்குத்தான் போகிறது. ஆழமில்லாத கிணற்றில் ஐந்து எச்பி மோட்டார் மணிக்கு முப்பதாயிரம் லிட்டர் வரை தள்ளும். சிறு தொழிற்சாலைக்கு விலக்களிக்கும் பத்தாயிரம் லிட்டர் வரம்பை நாம் இருபது நிமிடத்தில் தாண்டிவிடுவோம். விவசாயிக்கு விலக்கு வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம், அவன் குறைவாக எடுக்கிறான் என்பதல்ல. அவன் விளைவிப்பது ஊருக்குச் சோறு, அதன் விலையை அவன் நிர்ணயிப்பதில்லை, கட்டணத்தை யார் தலையிலும் அவனால் ஏற்ற முடியாது. இந்தக் காரணத்தை உரக்கச் சொல்லலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்ணீரைத் தண்ணீராகவே விற்பவர் கதை வேறு. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குப் போனது; லிட்டருக்கு நாலு காசு கூட இல்லை. புட்டியில் அடைத்ததும் லிட்டர் இருபது ரூபாய்க்கு விற்றது. நம் திருச்சிப் பக்கத்துச் சூரியூரிலேயே குளிர்பான ஆலையின் ஆழ்துளைக் கிணறுகளால் ஊர்த் தண்ணீர் கீழே போகிறது என்று மக்கள் போராடினார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கட்டணம் போடத்தான் வேண்டும், உறைக்கிற மாதிரி. அதற்கும் முதலில் கணக்கு வேண்டும். யாருமே கணக்குக் கொடுக்காத ஊரில் எந்த ஆலை எத்தனை லாரி ஏற்றியது என்று கேட்கும் தகுதி யாருக்கும் வராது.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. கலிபோர்னியாவில் 2014இல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. உள்ளூர்க்காரர்கள் ஒழுங்கான திட்டம் கொடுக்காததால் டுலாரி ஏரிப் பகுதியை 2024 ஏப்ரலில் மாநில வாரியம் தன் கண்காணிப்பில் எடுத்து, கிணற்றுக்கு ஆண்டுக்கு 300 டாலரும் எடுக்கும் தண்ணீருக்கு ஏக்கர்-அடிக்கு 20 டாலரும் என்று விதித்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். நான் கவனித்தது வேறொன்றை: கணக்கை உள்ளூரில் தாங்களே ஒழுங்காக வைத்துக்கொண்ட பகுதிகளுக்கு இந்த வாரியக் கட்டணம் வரவில்லை. ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் லிட்டருக்குள் எடுக்கும் வீட்டுக் கிணறுகளுக்கு மீட்டர் கட்டாயமுமில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் என்னால் தள்ளிவிட முடியாத வாதம் ஒன்று உண்டு: லஞ்சம். "பதிவுன்னு ஒண்ணு வந்தா, அதுக்கு ஒரு ஆபீஸ், அதுல ஒரு ஆளு, அவருக்கு ஒரு ரேட்டு." உண்மை. பட்டா மாறுதலுக்கு அலைந்த எவரிடமும் போய், பதிவு நல்லது என்று சொல்ல நாக்கு கூசும். ஆனால் லஞ்சம் பிறப்பது அனுமதி தர மறுக்கும் அதிகாரத்திலிருந்து. தகவலைத் தெரிவிப்பதிலிருந்தல்ல. ஏற்கனவே உள்ள கிணற்றுக்கு யாரும் அனுமதி தரவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். உடைமையாளர் தெரிவிப்பார், ஊராட்சி எழுதிக்கொள்ளும், பட்டியலைச் சுவரில் ஒட்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இப்போது மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. அன்று உறுதிமொழி வாசித்துக் கலைவதற்குப் பதில் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை வாசிக்கலாம். ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே கிணறுகளை அளந்து, இருப்பைப் பார்த்து, அடுத்த போகத்துக்கு என்ன பயிர் என்று கூடிப் பேசிய திட்டம் நடந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் அதற்குத் துணை நின்றது. அங்கே அளந்தவர் அரசு ஊழியர் அல்லர், பக்கத்துக் கொல்லைக்காரர்.

புதிதாகத் தோண்டும் ஆழ்துளைக் கிணறு மட்டும் தனி. அதில் முன்தகவல் கட்டாயம் வேண்டும், விட்டுக்கொடுக்க இடமில்லை. உச்ச நீதிமன்றம் 2010லேயே சொன்னது: தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ரிக் வண்டி பதிவு பெற்றிருக்க வேண்டும், கைவிட்ட குழியை நிரப்ப வேண்டும், எத்தனை பயன்பாட்டில் உள்ளன, எத்தனை கைவிடப்பட்டவை என்ற ஊர்வாரிப் பட்டியல் மாவட்டத்தில் இருக்க வேண்டும். 2015இல் தமிழ்நாடு ஊராட்சிகளுக்கென விதிகளும் வந்தன. 2019 அக்டோபர் 25 அன்று நம் மாவட்டத்திலேயே மணப்பாறைக்குப் பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட குழிக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்காம் நாள் உடலைத்தான் எடுத்தார்கள். அந்த நான்கு நாளும் தொலைக்காட்சி முன் அழுத ஊர்கள்தான், தங்கள் எல்லைக்குள் எத்தனை குழிகள் திறந்து கிடக்கின்றன என்ற பட்டியல் இல்லாமல் இருந்தன. "என் நிலம், என் போர், எவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை" என்பவர் அந்தக் குழியையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

2018 தீர்ப்பின் பங்கீடு பதினைந்து ஆண்டுகளுக்கு மாறாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2033இல் அந்தக் கெடு முடிகிறது. அப்போது இதே கேள்வி திரும்ப வரலாம், பத்து ஏன் இருபதாகக் கூடாது என்று கேட்கவும் ஆளிருப்பார்கள். அதற்குள் சித்திரையில் ஒன்று, தையில் ஒன்று என்று கிணற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு அளவாவது தொடர்ந்து எழுதியிருந்தால்தான் நம் வழக்கறிஞர் கையில் ஏதாவது இருக்கும். 2032 டிசம்பரில் உட்கார்ந்து எழுதுகிற கணக்கை எந்த நீதிமன்றமும் ஏற்காது. இப்போது தொடங்க அரசாணை எதுவும் தேவையில்லை. அறுபதடிக் கயிறு, முனையில் ஒரு கல், ஒரு நோட்டு, அடுத்த மார்ச் 22 கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும்.